பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க்: எந்த ஃபார்மேட்டில் வைப்பது? முழுமையான வழிகாட்டி

புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். டிரைவைச் செருகி, வலது கிளிக் செய்து, ஃபார்மேட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம்தான் "இதில் எதைத் தேர்வு செய்வது?" என்று கேட்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. டிரைவ் எந்தெந்தக் கருவிகளில் செருகப்படும், அதில் என்ன மாதிரிக் கோப்புகள் போகும் என்று தெரிந்தால் விடை தானாக வந்து நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியில் ஃபார்மேட் பொத்தானை அழுத்துவது எட்டாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

டிரைவில் இப்போது இருக்கும் எல்லாவற்றையும் வைக்க வேறொரு இடம் வேண்டும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். டிரைவ் தன்னுள் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைதான் ஃபார்மேட்; ஃபேட்32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் எல்லாம் அதன் வகைகள், நான்காம் படியில் விரிவாகப் பார்ப்போம். விண்டோஸில் "கன்வெர்ட்" என்ற கட்டளை ஃபேட்32-ஐ கோப்புகள் அழியாமல் என்டிஎஃப்எஸ் ஆக மாற்றித் தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை, திரும்ப வர முடியாது. எக்ஸ்ஃபேட்டை அது தொடவே தொடாது.

4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஒன்றும் தேவை. நீளமான வீடியோ எதுவானாலும் போதும். கடைசியில் சோதிக்கும்போது இது உதவும்.

வேலை தொடங்கும் முன் மற்ற எல்லா டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள். ஒரே நிறம், ஒரே அளவு கொண்ட இரண்டு டிஸ்க்குகளைச் செருகி வைத்து, தவறானதை ஃபார்மேட் செய்துவிட்ட நண்பர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஒரு வருடப் புகைப்படங்களை மீட்கப் பார்த்தேன். பாதிதான் திரும்பி வந்தன. அன்றிலிருந்து ஒரு டிரைவுக்கு மேல் செருகி வைத்து ஃபார்மேட் செய்வதில்லை.

2. டிரைவ் போகும் இடங்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்த டிரைவ் அடுத்த ஓராண்டில் எங்கெல்லாம் செருகப்படும் என்று எழுதுங்கள். விண்டோஸ் லேப்டாப், அலுவலக மேக், வீட்டு டிவி, கார் ஸ்டீரியோ, போன், கேமரா, பிரின்டர் என்று எதையும் விடாமல் எழுதுங்கள்.

கணினிகளை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போவது டிவியும் காரும்தான். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவைதான். கணினிக்குப் புதிய ஃபார்மேட்டைப் பழக்க ஒரு அப்டேட் போதும். பத்து வருடப் பழைய கார் ஸ்டீரியோவுக்கு யாரும் அப்டேட் தரப்போவதில்லை. பட்டியலில் மிகப் பழைய, மிகக் குறைந்த திறமை கொண்ட கருவி எதுவோ அதன் அடியில் கோடு போடுங்கள். அந்தக் கருவியின் கையேட்டில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால் அது படிக்கும் ஃபார்மேட்டுகள் அநேகமாக எழுதியிருக்கும்.

எழுத வேண்டுமா, படித்தால் போதுமா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், அதில் எழுதாது. படம் பார்க்க மட்டும் என்றால் அது குறையே இல்லை. கோப்பை அதில் போட வேண்டும் என்றால் பெரிய தடை.

3. மிகப்பெரிய ஒற்றைக் கோப்பு எவ்வளவு?

கோப்புறையின் மொத்த அளவு இங்கே முக்கியமில்லை. தனி ஒரு கோப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஃபேட்32-ல் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் 4,29,49,67,295 பைட், அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு, அதுதான் உச்ச வரம்பு.

64 ஜிபி டிரைவ், 60 ஜிபி காலி, 6 ஜிபி வீடியோ; போடப் பார்த்தால் "கோப்பு மிகப் பெரியது" என்று மறுக்கிறது. டிரைவ் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். டிரைவில் எந்தப் பழுதும் இல்லை. இடம் இருக்கிறது, எண்ணத்தான் விரல் போதவில்லை.

4. ஃபார்மேட்டைத் தேர்வு செய்யுங்கள்

இரண்டு விடைகளும் கையில் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொன்றையும் எப்போது எடுப்பது, எங்கே அது காலை வாரும் என்று பார்ப்போம்.

எக்ஸ்ஃபேட்: விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டும், பெரிய கோப்புகளும் உண்டு என்றால் இதுதான். 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. மேக் 10.6.5-லிருந்து இதை அறியும். லினக்ஸில் முன்பெல்லாம் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. 2020-ல் வந்த 5.7 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) முறையான ஆதரவு உள்ளேயே இருக்கிறது. ஐபோனும் ஐபேடும் ஐஓஎஸ் 13-லிருந்து ஃபைல்ஸ் செயலியில் இதைத் திறக்கும்.

இதன் பலவீனத்தைத் தெரிந்தே எடுக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் கிடையாது. ஜர்னல் என்பது "இன்ன மாற்றத்தைச் செய்யப்போகிறேன்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பேடு. நடுவில் மின்சாரம் போனால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அந்தக் குறிப்பேடு ஃபேட்32-லும் இல்லைதான். ஆனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அது இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்கிறது. எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒன்றோடு நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஒரு கோப்பு மட்டும் போவதோடு நிற்காமல் கோப்புறையே காணாமல் போகலாம். அதனால் எக்ஸ்ஃபேட்டைக் கோப்பு எடுத்துச் செல்லும் வாகனமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரதியாக இருக்கும் எதையும் அதில் சேமித்து வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஃபேட்32: பட்டியலில் கார் ஸ்டீரியோ, பழைய டிவி, பிரின்டர் இருந்து, 4 ஜிபி கோப்பு எதுவும் இல்லை என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். பாட்டுகள், ஆவணங்கள், மதர்போர்டு பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எல்லாம் இதில்தான் பிரச்சினையின்றி ஓடும். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினியை பூட் செய்யும், அதாவது தொடக்கி வைக்கும், பென் டிரைவுக்கும் இதுவே பாதுகாப்பான தேர்வு, ஏனென்றால் எல்லா யுஇஎஃப்ஐ மென்பொருளும் ஃபேட் குடும்பத்தைப் படித்தாக வேண்டும் என்பது விதி. சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் நிறுவல் கோப்புகளில் "இன்ஸ்டால்" என்ற பெயர் கொண்ட பெரிய படிமக் கோப்பு சில நேரம் 4 ஜிபியைத் தாண்டிவிடும். கையால் நகலெடுத்தால் அங்கே நின்றுவிடும். பூட் டிரைவ் செய்து தரும் கருவிகளான மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலோ ரூஃபஸோ பயன்படுத்தினால் அதை அவை பார்த்துக்கொள்ளும்.

என்டிஎஃப்எஸ்: விண்டோஸோடு மட்டுமே உறவு, எப்போதும் மேசையில் கிடக்கும் பெரிய டிஸ்க் என்றால் இது. ஜர்னல் உண்டு, பெரிய கோப்பு உண்டு, யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்ற அனுமதிகளும் உண்டு. லினக்ஸும் எழுதும், 5.15 கெர்னலிலிருந்து உள்ளேயே ஆதரவு இருக்கிறது. மேக் படிக்க மட்டும் செய்யும். ஆண்ட்ராய்டு போன்களில் பல இதைத் திறக்காது. பிளேஸ்டேஷன் 4, 5 யுஎஸ்பியில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டைத்தான் ஏற்கும்.

ஏபிஎஃப்எஸ்: மேக் மட்டும், அதுவும் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) என்றால் இது. 2017-ல் ஹை சியரா என்ற மேக் பதிப்போடு வந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மெதுவாகிவிடும். அங்கே பழைய எச்எஃப்எஸ் பிளஸ் நன்றாகவே இருக்கிறது. மேக்கின் ஃபார்மேட் கருவியான டிஸ்க் யுடிலிட்டியில் அதன் பெயர் "மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்". மேக்கின் காப்பு வசதியான டைம் மெஷினுக்கான டிஸ்க்கைக் கோப்புப் பரிமாற்றத்துக்கும் பயன்படுத்தத் திட்டமிடாதீர்கள். அந்த டிஸ்க்கை அது தனக்கென எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் திறக்கவும் திறக்காது.

ஈஎக்ஸ்டி4: லினக்ஸ் மட்டும் என்றால். இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. கோப்பின் உரிமையாளரை இது பெயராக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. உங்கள் கணினியில் உங்கள் எண் 1000. வேறொரு லினக்ஸ் கணினியில் 1000 வேறு யாரோ. அங்கே செருகினால் உங்கள் கோப்பையே திருத்த "அனுமதி இல்லை" என்று வரலாம்.

மெமரி கார்டு கேமராவுக்கு என்றால் இந்தத் தேர்வே வேண்டாம். கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டு ஃபேட்32, அதற்கு மேல் 2 டிபி வரையிலான எஸ்டிஎக்ஸ்சி கார்டு எக்ஸ்ஃபேட் என்பது தரநிலையிலேயே முடிவானது.

5. உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்

நகலெடுத்ததும் உடனே ஃபார்மேட்டுக்குப் போகாதீர்கள். மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். மறைந்திருக்கும் கோப்புகளும் எண்ணிக்கையில் வருகின்றனவா என்று பாருங்கள். நாலைந்து கோப்புகளைப் புதிய இடத்திலிருந்து திறந்தும் பாருங்கள். பழுதான கோப்பும் நகலாகும், அளவும் சரியாகவே இருக்கும். திறந்தால்தான் தெரியும்.

6. டிரைவ் உண்மையானதா என்று சோதியுங்கள்

"512 ஜிபி" என்று எழுதியிருக்கும், உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், அளவைப் பொய்யாகக் காட்டும் பென் டிரைவ்கள் இருக்கின்றன. உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் அவை பழைய தரவின் மேல் எழுதுகின்றன, பிழை எதுவும் சொல்லாது. இதில் எந்த ஃபார்மேட் போட்டாலும் பயனில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற கருவிகள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம்.

1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது பொய் அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

7. பார்ட்டிஷன் அட்டவணையைத் தீர்மானியுங்கள்

பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கடந்துவிடும் படி இது. சரியாக ஃபேட்32 போட்ட பிறகும் டிவி டிரைவைப் பார்க்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

டிரைவின் தொடக்கத்தில், எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை இருக்கும். அது எம்பிஆர், ஜிபிடி என இரண்டு வகை. எம்பிஆர் பழையது, கிட்டத்தட்ட எல்லாக் கருவிகளுக்கும் புரியும். ஆனால் 2 டிபிக்கு மேல் எண்ணாது. ஜிபிடிக்கு அந்த வரம்பு இல்லை. பழைய டிவிகளும் ஸ்டீரியோக்களும் ஜிபிடியைப் புரிந்துகொள்ளாமல் போகலாம். எனவே 2 டிபி வரை, டிவிக்கும் காருக்கும் போகும் டிரைவ் என்றால் எம்பிஆர். அதைவிடப் பெரியது, கணினிகளுக்கு மட்டும் என்றால் ஜிபிடி.

மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்தவுடன் வியூ பட்டியலில் "ஷோ ஆல் டிவைசஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் உள்பகுதி மட்டும் தெரியும், "ஸ்கீம்" என்ற தேர்வே வராது. டிரைவின் மேல் வரியைத் தேர்ந்தெடுத்து எரேஸ் அழுத்தினால் ஸ்கீம் தெரியும். அதில் மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்பது எம்பிஆர், ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் என்பது ஜிபிடி.

ஒரே ஒரு பகுதியாக வையுங்கள். இரண்டு பகுதி போட்டு ஒன்று ஃபேட்32, மற்றது என்டிஎஃப்எஸ் என்று வைப்பது அழகாகத் தோன்றும். பல டிவிகள் முதல் பகுதியை மட்டுமே பார்க்கும். ஐபோனும் ஐபேடும் ஒரே தரவுப் பகுதி கொண்ட டிரைவையே எதிர்பார்க்கின்றன.

8. ஃபார்மேட் செய்யுங்கள்

விண்டோஸில்: டிரைவின் மீது வலது கிளிக், ஃபார்மேட். ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு "அலோகேஷன் யூனிட் சைஸ்" என்று ஒன்று வரும். பெரும்பாலும் அதைத் தொடத் தேவையில்லை, ஆனால் அது என்னவென்று தெரிந்திருப்பது நல்லது. டிரைவ் இடத்தைச் சில்லறையாகத் தராது, கட்டுக்கட்டாகத்தான் தரும். ஒரு கட்டின் அளவே அது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட்டுக்கு விண்டோஸ் இயல்பாக 128 கேபி வைக்கிறது. 2 கேபி கோப்பும் ஒரு முழுக் கட்டை எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு லட்சம் கோப்புகள் இருந்தால், 200 எம்பி சரக்குக்கு 12 ஜிபிக்கு மேல் இடம் போய்விடும். நிரல் எழுதுபவர்கள் தங்கள் திட்டக் கோப்புறையை எக்ஸ்ஃபேட்டில் போட்டுவிட்டு "இடம் எங்கே போயிற்று?" என்று திகைப்பது இதனால்தான். சிறு கோப்புகள் நிறைய என்றால் 4 கேபி அல்லது 32 கேபி தேர்ந்தெடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டிப் போடுங்கள். வீடியோ மட்டும் என்றால் இயல்பான அளவே நல்லது.

விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி நீண்ட காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாமல் இருந்து வந்திருக்கிறது. ஃபேட்32-க்கு அந்த வரம்பு கிடையாது, அந்தப் பெட்டிக்குத்தான் வரம்பு. ரூஃபஸ் போன்ற கருவியோ மேக்கோ லினக்ஸோ இருந்தால் 128 ஜிபி டிரைவிலும் ஃபேட்32 போடலாம்.

"குயிக் ஃபார்மேட்" குறியை நல்ல டிரைவுக்கு அப்படியே விட்டுவிடலாம். சந்தேகமான டிரைவுக்கு எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு இடமாக எழுதிச் சோதிக்கும். இன்னொரு விஷயம்: குயிக் ஃபார்மேட் தரவை அழிப்பதில்லை, அட்டவணையை மட்டும் புதிதாக்குகிறது. டிரைவை வேறு யாருக்காவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முழு ஃபார்மேட் செய்யுங்கள்.

மேக்கில்: ஃபேட்32-ன் பெயர் அங்கே "எம்எஸ்-டாஸ் ஃபேட்". டிரைவுக்குப் பெயர் வைக்கும்போது 11 எழுத்துக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வையுங்கள். இல்லையென்றால் பாதியில் பிழை சொல்லி நிற்கலாம். கட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி டிஸ்க் யுடிலிட்டியில் இல்லை. அதனால் இரண்டு கணினியும் கையில் இருந்தால் எக்ஸ்ஃபேட்டை விண்டோஸில் செய்யவே நான் விரும்புவேன்.

லினக்ஸில்: க்னோம் டிஸ்க்ஸ் கருவி போதும். எக்ஸ்ஃபேட் தேர்வு மங்கலாக இருந்தால் எக்ஸ்ஃபேட்புராக்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். கட்டளை வழியாகச் செய்பவர்கள் டிரைவின் அளவைப் பார்த்து அடையாளம் உறுதிசெய்த பிறகே என்டர் தட்டுங்கள்.

9. எல்லாக் கருவியிலும் ஒருமுறை செருகிப் பாருங்கள்

கோப்புகளைத் திரும்பப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். 500 ஜிபியை நிரப்பிய பிறகு டிவி படிக்கவில்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

ஒரு பாட்டு, ஒரு படம், 4 ஜிபிக்கு மேற்பட்ட அந்த வீடியோ (ஃபேட்32 என்றால் சிறிய வீடியோ), தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பு ஆகியவற்றை மட்டும் போட்டு, இரண்டாம் படியில் எழுதிய ஒவ்வொரு கருவியிலும் திறந்து பாருங்கள். டிரைவ் தெரிகிறது, வீடியோ மட்டும் ஓடவில்லை என்றால் அது வீடியோவின் கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை) சிக்கல். மறுபடி ஃபார்மேட் செய்யாதீர்கள்.

10. கழற்றும் முறை

விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு, எஜெக்ட் செய்யாமலே கழற்ற விடும் "விரைவு நீக்கம்" இயல்பாக இருக்கிறது. அதை நம்பி எக்ஸ்ஃபேட்டைப் பிடுங்காதீர்கள். நகலெடுக்கும் பட்டை 100 தொட்டதும் வேலை முடிந்தது என்று பொருளல்ல. சில நேரம் கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்தில் காத்திருக்கும். லினக்ஸில் இது நன்றாகத் தெரியும். எஜெக்ட் அழுத்தினால் அரை நிமிடம்கூட யோசிக்கும். அந்த அரை நிமிடம் பொறுங்கள்.

11. அடிக்கடி வரும் தொல்லைகள்

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறது. மேக் என்றால் "படிக்க முடியவில்லை" என்று சொல்லி "இனிஷியலைஸ்" பொத்தானைக் காட்டும். பதறி அதை அழுத்தாதீர்கள். பல நேரங்களில் டிரைவ் நலமாகவே இருக்கும். வேறு கணினியின் ஃபார்மேட்டில் இருப்பதால் இதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ரத்து செய்துவிட்டு, கடைசியாக வேலை செய்த கணினியில் செருகிப் பாருங்கள்.

லினக்ஸ் நிறுவல் பென் டிரைவாக இருந்ததை விண்டோஸில் செருகினால் 32 ஜிபி போய்ச் சில எம்பி மட்டும் தெரிகிறது. நிறுவல் படிமம் தன் சொந்தப் பகுதிகளை உருவாக்கி வைத்திருக்கிறது. வலது கிளிக் ஃபார்மேட் அந்தச் சிறு பகுதியை மட்டும் தொடும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்து "கிளீன்" கொடுத்து, புதிய பகுதி உருவாக்குங்கள். தவறான எண் கொடுத்தால் கணினியின் டிஸ்க்கே காலியாகும். எண்ணை இரண்டு முறை பாருங்கள்.

லினக்ஸில் என்டிஎஃப்எஸ் திடீரென்று படிக்க மட்டும் என்று ஆகிவிட்டது. விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" இயக்கத்தில் இருக்க, டிரைவைச் செருகியபடியே கணினியை அணைத்திருப்பீர்கள். விண்டோஸ் முழுதாக அணையாமல் உறங்கியிருக்கிறது. அங்கே போய் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, எஜெக்ட் செய்து எடுத்து வாருங்கள்.

மேக்கிலிருந்து போட்ட பாட்டு டிரைவில், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஓடாத நகல் இருப்பதாக ஸ்டீரியோ காட்டுகிறது. புள்ளியும் அடிக்கோடும் முன்னால் கொண்ட சிறு கோப்புகள் அவை. தன் கூடுதல் தகவலை வைக்க ஃபேட்டிலும் எக்ஸ்ஃபேட்டிலும் இடமில்லாததால் மேக் அவற்றைத் தனியாக எழுதுகிறது. அழித்துவிடலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

காப்பு மென்பொருள் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் மறுபடி நகலெடுக்கிறது. ஃபேட்32 கோப்பு மாறிய நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் வைக்கிறது. மென்பொருள் ஒரு விநாடி வித்தியாசத்தைப் பார்த்து "மாறிவிட்டது" என்று முடிவு செய்கிறது. அமைப்புகளில் நேர வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் அளவை 2 விநாடியாக்குங்கள்.

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றும் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகின்றன, தமிழானாலும் சரி. ஈஎக்ஸ்டி4 255 பைட் மட்டுமே தரும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் ஆகிறது, அப்படியென்றால் 85 குறியீடுகள். "கு" என்பதே க, உகரம் என இரண்டு குறியீடு. ஆகவே ஐம்பது, அறுபது எழுத்துகளிலேயே வரம்பு வந்துவிடலாம். விண்டோஸில் நன்றாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸ் டிஸ்க்குக்குப் போகும்போது "பெயர் மிக நீளம்" என்று நின்றால், அந்தப் பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி நகலெடுங்கள்.